குளிர்காலத்தில் காரின் பெயிண்டைக் காப்பாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி கொட்டும், சாலையில் உப்புத் தூவும் இடங்களில் கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் பெயிண்டின் பளபளப்பைக் கெடுப்பதில் உப்பைவிட நம் கைக்குத்தான் பங்கு அதிகம்: பிரஷ், சுரண்டி, அவசரத்துக்கு எடுத்த பழைய துணி. அதனால் கீழே பல பதில்கள் ‘தொடாதீர்கள், தண்ணீர் விடுங்கள்’ என்றே முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலை உப்பு பெயிண்டை அரித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இன்றைய கார்களில் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு அல்ல. தகட்டை ஒட்டி, மின்சாரம் செலுத்தி ஏற்றிய துருத்தடுப்புப் பூச்சு இருக்கும். அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்தால், இரண்டு முடியை அடுக்கிய கனம்.

ஆனால் அந்தக் கிளியர் கோட் ஓட்டை உடைசல் இல்லாமல் இருக்கும்வரை உப்புத் தண்ணீரால் அதை எளிதில் ஒன்றும் செய்ய முடியாது. சிக்கல் அது உடைந்த இடத்தில். முன்னால் போகும் லாரி தெறிக்கவிட்ட ஒரு சின்னக் கல் நான்கு பூச்சையும் துளைத்துத் தகடு வரை போயிருந்தால், அங்கே உப்பு வேலையைத் தொடங்கிவிடும். துரு பிடிப்பது ஒரு மின்வேதி வினை. உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வினை வேகமாக ஓடும். துரு பக்கவாட்டில் பெயிண்டின் அடியில் ஊர்ந்து போய், மேலே கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே பரவியிருப்பது கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சாலையில் கொட்டுவது உப்பு மட்டுமல்ல. மணலும் பொடிக்கல்லும் கலந்திருக்கும். அவை காய்ந்து காரின் மேல் உட்கார்ந்திருக்கும்போது யாராவது கையோ துணியோ வைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

போடுவது சாதாரண உப்புதானே? காய்ந்துவிட்டால் சரியாகிவிடாதா?

பெரும்பாலும் நாம் சமையலுக்குப் போடும் அதே சோடியம் குளோரைடுதான், சுத்திகரிக்காத வடிவத்தில். ஆனால் குளிர் மைனஸ் 9 டிகிரியைத் தாண்டிக் கீழே இறங்கினால் பனியை உருக்கும் அதன் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதனால் கடும் குளிர் உள்ள இடங்களில் மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். பனி விழுமுன்பே உப்புக் கரைசலைச் சாலையில் தெளித்துவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. கரைசல் என்பதால் அது சக்கரத்திலிருந்து நுண்துளியாகக் கிளம்பி எல்லா இடுக்கிலும் நுழையும்.

இந்த மெக்னீசிய, கால்சிய உப்புகளுக்கு ஒரு கெட்ட குணம்: காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே பார்க்க உலர்ந்த மாதிரி இருந்தாலும் மடிப்புகளுக்குள் ஈரமாகவே இருக்கும். ஆகவே காய்ந்துவிட்டது என்று நம்பி விட்டுவிட முடியாது, கழுவித்தான் ஆக வேண்டும்.

வெதுவெதுப்பான கராஜில் நிறுத்துவது நல்லதா கெட்டதா?

கராஜ் நல்லதுதான். பனியைச் சுரண்டும் வேலையே இல்லாமல் போகிறதே, அதுவே பெரிய லாபம். ஆனால் உப்பும் சேறும் அப்பிய காரை அப்படியே சூடான கராஜில் விட்டால் துருவுக்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது: ஈரம், உப்பு, வெப்பம். வெளியே உறைநிலைக்குக் கீழே துரு ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும். உள்ளே 15 டிகிரியில் எழுந்துவிடும்.

முடிந்தால் உள்ளே விடுமுன் அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் ஒரு முறை தண்ணீர் அடியுங்கள். அது முடியாவிட்டால் கராஜில் காற்று ஓடும்படியாவது பாருங்கள். எனக்குத் தேர்வு இருந்தால், சூடேற்றாத, மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் உள்ள இடத்தைத்தான் எடுப்பேன்.

குளிர்காலம் வருமுன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. குளிர்காலப் பராமரிப்பில் பெரும்பகுதி இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிட வேண்டும். பெயிண்டின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் வாக்ஸ், சீலண்ட் டப்பாக்கள் பலவற்றில் 10 டிகிரிக்கு மேல் பயன்படுத்தச் சொல்லியிருக்கும். அது சும்மா போட்டதல்ல. குளிர்ந்த தகட்டில் அவை சரியாகப் பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும், துடைத்து எடுக்கவும் முடியாது.

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்து, கழுவியும் போகாத அழுக்கு. கழுவி உலர்ந்த பானெட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடமே பைக்குள் இருக்கும் விரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். அவை பெயிண்டில் பதிந்த இரும்புத் துகள்கள், தார்ப் புள்ளிகள், காய்ந்த மரப்பிசின். இரும்புத் துகளுக்குத் தனியாக ஒரு ஸ்பிரே கிடைக்கிறது. தெளித்துச் சில நிமிடத்தில் துகள் உள்ள இடங்களிலெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். அதை உலர விடாமல் கழுவிவிட வேண்டும். தாருக்கு வேறு கரைப்பான். மிச்சத்துக்குக் ‘கிளே பார்’ எனப்படும், களிமண் போலப் பிசையக்கூடிய கட்டி. சோப்புத் தண்ணீரோ அதற்கான வழுக்கு திரவமோ தாராளமாக அடித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். கிளே கட்டி கை நழுவித் தரையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய ஒரே ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கோடு போட.

அப்புறம், தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, பாதுகாப்புப் பூச்சு. டப்பாவில் சொன்ன நேரம் வரை, பெரும்பாலும் ஓர் இரவாவது, மழையில் நனையாமல் வைத்திருக்க வேண்டும்.

இதே நாளில் கல் தெறித்த இடங்களுக்கு டச்-அப் பெயிண்டும் வைத்துவிடுங்கள், பூச்சு போடுவதற்கு முன்னால். வாக்ஸின் மேல் பெயிண்ட் பிடிக்காது.

வாக்ஸா, சீலண்டா, செராமிக் கோட்டிங்கா?

உங்களிடம் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கார்னாபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. பளபளப்பு அருமையாக இருக்கும், போடுவதும் சுகம். ஆனால் உப்பு, அடிக்கடி கழுவல், காரமான ஷாம்பு எல்லாம் சேர்ந்தால் சில வாரத்தில் தேய்ந்துவிடும். டிசம்பரில் போட்டது மார்ச்சில் இருக்காது. குளிர்காலத்துக்கு இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

செயற்கை பாலிமர் சீலண்ட் நன்றாகப் போட்டால் ஒரு குளிர்காலம் தாக்குப்பிடிக்கும். அக்டோபரில் போட்டுவிட்டுப் பனி உருகும்வரை நிம்மதியாக இருக்க நினைக்கும் சாதாரணக் கார்க்காரருக்கு என் பரிந்துரை இதுதான். விலைக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம்.

செராமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையில் ஆனது. பெயிண்டோடு இறுகப் பிடித்துக் கெட்டியாகும். தரத்தையும் பராமரிப்பையும் பொறுத்து ஆண்டுக் கணக்கில் நிற்கும். அழுக்கு எளிதில் ஒட்டாது, தண்ணீர் உருண்டு ஓடிவிடும், ஆகவே தேய்க்க வேண்டிய தேவை குறையும். குளிர்காலத்தில் அதன் உண்மையான பலன் இதுதான். ஆனால் போடுமுன் பெயிண்டைப் பாலிஷ் செய்து சீராக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் கீறல்களை உள்ளே வைத்து மூடிய மாதிரி ஆகிவிடும்.

செராமிக் போட்டால் கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விற்பவர் சொன்னாரே?

ஆகும். அது மிக மிக மெல்லிய படலம். கல்லைத் தடுக்கும் கனம் அதற்குக் கிடையாது. சாவிக் கீறலையும் தடுக்காது.

கல்லுக்கு உண்மையான தடுப்பு பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம்தான். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன் என்ற ரப்பர் போன்ற பொருளில் செய்த ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம். ஏறக்குறைய 150 முதல் 200 மைக்ரான் கனம், அதாவது காரின் மொத்தப் பெயிண்டையும்விடக் கனமானது. வண்டி முழுக்க ஒட்டுவது செலவான காரியம். பானெட்டின் முன் விளிம்பு, முன் பம்பர், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி, கதவின் கீழ்ப்புறம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினாலே தெறிக்கும் கல்லில் பெரும்பாலானவற்றை வாங்கிக்கொள்ளும். இன்னும் மலிவான வழி மட் ஃபிளாப். பார்க்க அழகில்லை என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் அந்த ரப்பர் துண்டு கதவின் கீழ்ப்பகுதிக்குச் செய்யும் நன்மை எந்தக் கோட்டிங்கும் செய்யாதது.

பனிக்காலம் வந்தேவிட்டது, ஒன்றும் போடவில்லை. இனி என்ன செய்வது?

வெயில் அடிக்கும், உறைநிலைக்கு மேல் போகும் ஒரு நாளைப் பிடியுங்கள். நன்றாகக் கழுவி, ஈரத்தின் மேலேயே தெளித்து உடனே தண்ணீரால் அடித்துவிடும் வகை சீலண்ட் ஒன்றைப் போடுங்கள். தேய்க்க வேண்டாம், காய வைக்க வேண்டாம். நீண்ட நாள் நிற்காது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். குறைந்தபட்ச வெப்பநிலை என்ன என்று மட்டும் டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரின் மேல் ஓர் அடி பனி. எப்படி எடுப்பது?

பெயிண்டில் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இந்தக் காலை வேளையில்தான் பிறக்கின்றன. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, கையில் கிடைத்தது தெருவைப் பெருக்கும் கட்டை விளக்குமாறு, இழு என்று இழுத்துவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து வெயிலில் பார்த்தால் கூரையிலிருந்து பானெட் வரை கீழ்நோக்கி இணைகோடுகள்.

கடினமான நார் உள்ள பிரஷ் வேண்டவே வேண்டாம். மிருதுவான ஃபோம் தலை வைத்த, பனி தள்ளுவதற்கென்றே செய்த தள்ளுகோல் கிடைக்கும். அதை வாங்குங்கள். அதிலும் ஒரு முறை இருக்கிறது. மேல்பனியை மட்டும் தள்ளி, கடைசி விரற்கடை அளவு பனியைத் தகட்டின் மேலேயே விட்டுவிடுங்கள். நேற்றைய பயணத்தின் உப்பும் மணலும் அந்தக் கடைசி அடுக்கில்தான் சிக்கியிருக்கும். அதைப் பெயிண்டோடு சேர்த்து இழுப்பதுதான் கீறலுக்குக் காரணம். மிச்சம் தானே உருகி ஓடட்டும், அல்லது வண்டி சூடானதும் வழுக்கிக்கொண்டு வரும்.

கூரைமேல் உள்ள கனமான பனியை மட்டும் விட்டுவைக்காதீர்கள். பிரேக் போட்டதும் மொத்தமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடும், பின்னால் வருபவர் மேலும் பறக்கும். பல நாடுகளில் அபராதமும் உண்டு.

தள்ளுகோலை ஒரு முறை தரையில் ஊன்றிவிட்டீர்கள் என்றால், மீண்டும் காரின் மேல் வைக்குமுன் உதறிப் பாருங்கள்.

பனி இறுகிக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டலாமா? கொதிநீர் ஊற்றலாமா?

சுரண்டி கண்ணாடிக்கு மட்டும். பெயிண்டில் எந்தச் சுரண்டியும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கானாலும் சரி.

கொதிநீர் இன்னும் மோசம். கண்ணாடி விரிசல் விடலாம். ஊற்றிய தண்ணீர் கதவு இடுக்கில் இறங்கிச் சில நிமிடத்தில் மறுபடி உறைந்து இரட்டிப்புத் தொல்லை தரும். எஞ்சினைக் கிளப்பி ஹீட்டர் போடுங்கள். கைப்பிடி, கதவு விளிம்பு போன்ற அவசர இடங்களுக்கு ஆல்கஹால் அடிப்படையிலான பனிநீக்கி ஸ்பிரே போதும். ஸ்பிரே பட்ட இடத்தில் வாக்ஸ் கொஞ்சம் பலவீனமாகும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கராஜுக்கு வெளியே விடும்போது எஞ்சின் ஓடலாம், மூடிய கராஜுக்குள் கூடாது. இது பெயிண்ட் விஷயமல்ல, உயிர் விஷயம்.

கார் கவர் போட்டு மூடிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்ததே?

தீராது. அழுக்கான காரின் மேல் கவர் போட்டால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் மணலை வைத்துத் தேய்க்கிறது. ஈரத்தோடு போட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், இரவில் தகட்டோடு சேர்ந்து உறையும். காலையில் பிடித்து இழுப்பீர்கள். கழுவி உலர்த்திய காரைச் சில வாரங்கள் உள்ளே நிறுத்துவதானால், காற்று புகும் துணிக் கவர் நல்லது. தினமும் ஓடும், வெளியே நிற்கும் காருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

குளிர்காலத்தில் எத்தனை நாளைக்கு ஒரு முறை கழுவுவது?

உப்புச் சாலையில் தினமும் ஓடுகிற காரென்றால் வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நாட்காட்டியைவிட வானிலையைப் பார்த்துக் கழுவுவது புத்திசாலித்தனம். பெரிய பனிப்பொழிவு முடிந்து, சாலை காய்ந்து, வெப்பநிலை 4, 5 டிகிரி வரை ஏறும் அந்தப் பகல்தான் சரியான நேரம். மைனஸ் 10இல் கழுவினால் தண்ணீர் கதவிலேயே உறைந்துவிடும். மறுநாள் மீண்டும் பனி வரும் என்று தெரிந்தால், அடிப்பாகத்தை மட்டும் அலசிவிட்டு மேலே விட்டுவிடலாம்.

ஆட்டோமேட்டிக் கார் வாஷுக்குப் போகலாமா?

சுழலும் பிரஷ் உள்ளதில் போகாதீர்கள். உங்களுக்கு முன் போன இருபது கார்களின் மணல் அந்தப் பிரஷில்தான் இருக்கும், குளிர்காலத்தில் சொல்லவே வேண்டாம். பிரஷே தொடாத, வெறும் நீரழுத்தத்தில் கழுவும் வகை பரவாயில்லை. கை வைக்காமல் அழுக்கை எடுப்பதற்காக அங்கே காட்டமான ரசாயனம் போடுவார்கள். அதனால் வாக்ஸின் ஆயுள் குறையும். ஆனால் வாக்ஸை மறுபடி போடலாம், கிளியர் கோட்டை மறுபடி போடுவது அவ்வளவு எளிதல்ல. வீட்டில் கழுவ வழியில்லாதவர்கள் தயங்காமல் இதற்குப் போகலாம்.

அடிப்பாகம் கழுவும் வசதி இருந்தால் கூடுதலாகக் கேட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் தண்ணீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துவார்கள். கடைசி அலசல் புதுத் தண்ணீரில்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

வீட்டிலேயே கையால் கழுவினால் சரியான முறை என்ன?

கை வைக்குமுன் எவ்வளவு அழுக்கைத் தண்ணீரே எடுத்துக்கொண்டு போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரஷர் வாஷர் இருந்தால் முதலில் கீழிருந்து சக்கர வளைவுகள், அடிவிளிம்புகள், பிறகு மேலே. முனையைத் தகட்டிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பிடியுங்கள். ஏற்கெனவே பெயிண்ட் எழும்பிய இடத்திலும் ஃபிலிமின் விளிம்பிலும் நேராக அடித்தால் உரித்துக்கொண்டு வந்துவிடும். அடுத்து நுரை. ஐந்து நிமிடம் ஊறட்டும், ஆனால் உலரக் கூடாது. உப்புச் சேறு கரைந்து கருப்பாக வழிவது கண்ணுக்கே தெரியும். மறுபடி அலசல். இவ்வளவுக்கும் பிறகுதான் கை.

இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், நல்ல தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டே மறுபடி ஷாம்பில் போட வேண்டும். கழுவி முடித்து அந்த வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மணல் எல்லாம் உங்கள் பெயிண்டில் கோடாக மாறியிருக்க வேண்டியது. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு வேறு கையுறை. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், கையுறையின் எடை மட்டும் விழும்படி.

ஷாம்பு காரமோ அமிலமோ இல்லாத நடுநிலை வகையாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். எண்ணெயை எடுப்பதற்கென்றே செய்தது, போட்ட வாக்ஸையும் சேர்த்துப் பதம் பார்க்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், சூடாக வேண்டாம்.

துவட்டுவதற்குத் தடித்த மைக்ரோஃபைபர் டவல். பரப்பி வைத்து ஒற்றி எடுத்தாலே போதும்.

கழுவிய பிறகு கதவு திறக்கவே வரவில்லை. ஏன்?

ரப்பர் பீடிங்கில் தங்கிய தண்ணீர் உறைந்துவிட்டது. கழுவியதும் எல்லாக் கதவையும், டிக்கியையும், பெட்ரோல் மூடியையும் திறந்து விளிம்புகளைத் துடையுங்கள். பீடிங்கில் சிலிக்கான் தடவி வைத்தால் ஒட்டாது. ஒட்டிக்கொண்ட கதவை வெடுக்கென்று இழுக்காமல், முதலில் வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்துங்கள், பனி உடையும். கழுவிய காரை நிறுத்துமுன் கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக்கையும் காய வைத்துவிடுங்கள்.

நடுநடுவே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஹெட்லைட், நம்பர் பிளேட், கேமரா தவிர வேறு எதையும் துடைக்காதீர்கள். சாம்பல் பூத்த மாதிரி கார் நிற்பது கண்ணுக்கு உறுத்தும்தான். உறுத்தட்டும். அழுக்கு கழுவினால் போய்விடும், கீறல் போகாது.

கல் தெறித்து வெள்ளையாக ஒரு புள்ளி. உடனே கவனிக்க வேண்டுமா?

முதலில் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும். நிறம் மட்டும் போய், சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமரோடு நின்றிருக்கிறது, அவசரமில்லை. நடுவில் உலோகத்தின் மினுக்கம் தெரிந்தால், அல்லது மினுக்கம் போய் ஆரஞ்சுப் புள்ளி வந்திருந்தால், வசந்தம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

டச்-அப் பெயிண்டுக்கு நிற எண் வேண்டும். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ பானெட்டின் அடியிலோ இருக்கும். ‘வெள்ளை’ என்று கேட்டு வாங்காதீர்கள், ஒரே நிறுவனத்திலேயே பல வெள்ளைகள் உண்டு. இடத்தைக் கழுவி, உலர்த்தி, ஆல்கஹாலால் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, பிரைமர் ஒரு துளி. காய்ந்ததும் நிறம், மெல்லிய அடுக்காக இரண்டு மூன்று தடவை. மூடியோடு வரும் பிரஷ் இந்த வேலைக்குத் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துக் குழிக்குள் விட்டால் அதுவே பரவி நிரம்பும். கடைசியாகக் கிளியர் கோட்.

இதற்கும் 10 டிகிரிக்கு மேல் வேண்டும். கராஜ் இல்லாதவர்கள் தற்காலிகமாக, இடத்தைச் சுத்தமாக உலர்த்தி நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வைத்துவிடலாம். அழகுக்காக இல்லை, ஈரம் புகாமல் இருக்க. பின்னால் அதை எடுத்துவிட்டுச் சரியாகச் செய்துகொள்ளுங்கள்.

துரு முதலில் எங்கே தெரியும்? எங்கே பார்ப்பது?

குனிந்து பார்க்க வேண்டிய இடங்களில். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். அவற்றில் இலையும் சேறும் அடைத்தால் உப்புத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள், சில சமயம் உள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டும். சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரச் சேறு கையோடு வரும். அது அங்கேயே மாதக்கணக்கில் கிடக்கும். நம்பர் பிளேட்டின் பின்புறம், டிக்கிக் கதவின் கீழ்விளிம்பு, முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே இலை சேரும் பள்ளம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

அலாய் சக்கரத்தில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள். அழுக்கா?

அழுக்கல்ல, அரிப்பு. சக்கரத்தின் மேல்பூச்சு ஓரிடத்தில் உடைந்து, அதன் வழியே உப்பு நுழைந்து, அலுமினியம் பூச்சுக்கு அடியில் நூல் நூலாக அரிபட்டுக்கொண்டு போகிறது. கடைந்து மெருகேற்றிய முகப்புள்ள சக்கரங்களில் அதிகம் வரும். வந்த பிறகு கழுவிப் போகாது, பூச்சை எடுத்து மறுபடி செய்ய வேண்டும். குளிர்கால டயரைச் சாதாரணப் பெயிண்ட் அடித்த தனிச் சக்கரத்தில் போட்டு, நல்ல சக்கரத்தை வீட்டுக்குள் வைத்துவிடுவது கெட்டிக்காரத்தனம்.

புது கார், பெயிண்ட் இன்னும் காயவில்லை, வாக்ஸ் போடக் கூடாது என்கிறார்களே?

தொழிற்சாலைப் பெயிண்ட் உயர்ந்த வெப்பத்தில் சூளையில் சுட்டு வெளியே வருகிறது, உடனே போடலாம். விபத்துக்குப் பின் பட்டறையில் அடித்த பெயிண்ட் வேறு கதை. அதன் கரைப்பான்கள் முழுக்க வெளியேற 30 முதல் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று அடித்தவரையே கேளுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீரால் மட்டும் அலசிக்கொண்டிருங்கள்.

பறவை எச்சம் குளிரில் ஒன்றும் செய்யாதாமே?

வெயில் காலத்தைவிட மெதுவாகச் செய்யும், செய்யாமல் இருக்காது. காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத்துணியை மேலே சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.

மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் காருக்கும் இதே முறைதானா?

கழுவும் முறை இதேதான். வாக்ஸ், பாலிஷ், பஃபிங் மூன்றும் கூடவே கூடாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாக நிற்கும், திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. மேட்டுக்கென்றே வரும் சீலண்ட் மட்டும் போடுங்கள்.

பனி முடிந்தது. மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. பாலிஷ் போட்டுவிடலாமா?

முதலில் அடிப்பாகத்தை நிதானமாக அலசுங்கள். வெயில் ஏற ஏறத்தான் மிச்ச உப்பு சுறுசுறுப்பாகும், ஆகவே குளிர்காலத்தின் மிக முக்கியமான கழுவல் அது முடிந்த பிறகு வருவது. அப்புறம் இரும்புத் துகள் ஸ்பிரே, கிளே, இலையுதிர் காலத்தில் செய்த அதே வரிசை.

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல. சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குச் சீவி இறக்குவது. அந்தக் கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் செய்ய முடியாது. நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கீறல் பாலிஷில் போகாது, டச்-அப்தான். தட்டாவிட்டால், அந்த இடத்தை மட்டும் மென்மையான பாலிஷால் கையாலேயே சரிசெய்து பாருங்கள். வெயிலில் முகத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரிகிற கீறல் என்றால், அதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு சீலண்ட் போடுவதுதான் நான் செய்வது.